பலகையின் உள்பக்கம்

இன்று தக்காளி இல்லை என்றான் சவினோ.
இன்று டிராக்டர். இன்று துறைமுகம்.
பெட்டிக்கு நாலு யூரோ அல்ல,
முழு நாளுக்கு நாற்பது. வருகிறாயா?

ஒரு பெட்டி முந்நூறு கிலோ கொள்ளும்.
பத்து நிரப்பினால்தான் நாற்பது,
அதிலும் வேன்காரனுக்கு ஐந்து,
தண்ணீருக்கு, ரொட்டிக்கு, அவன் சிரித்ததற்கு.
வருகிறேன் என்றேன்.

ஒட்டுப்பலகை ஒன்றைக் கையில் கொடுத்தான்.
சிவப்புச் சாயம் இன்னும் பிசுபிசுத்தது.
எனக்குத் தெரிந்த இத்தாலி மொழி:
சீக்கிரம், பழுத்தது மட்டும், நாளைக்கு வா.
பலகையில் அவை எதுவும் இல்லை.

வேலிக்கு அப்பால் நீலப் பீப்பாய்கள்,
பக்கவாட்டில் சீன எழுத்து, உள்ளே விழுது.
ஆலையில் நீரும் உப்பும் சேர்த்தால்
அதற்குக் குடியுரிமை கிடைத்துவிடுமாம்,
தகரத்தின் மேல் மூன்று நிறக் கொடியோடு.
நான் ஆறு வருடமாக வரிசையில் நிற்கிறேன்.

சவினோ ஒலிபெருக்கியில் கத்தினான்.
பாதி புரிந்தது, எண்கள் என்பதால்.
அங்காடிக் கம்பெனி ஏலம் விடுகிறதாம்,
ஏறுகிற ஏலம் அல்ல, இறங்குகிற ஏலம்.
யார் குறைத்துக் கேட்கிறானோ அவனுக்கு.
முதல் ஏலம் எங்கே முடிந்ததோ
அங்கிருந்து தொடங்குமாம் இரண்டாவது.
அந்தக் கடைசிப் படியில் நிற்கிறான் சவினோ.
அவனுக்குக் கீழே படி இல்லை,
நான் இருக்கிறேன்.

எங்கள் ஊர்ச் சாலையிலும் ஓர் ஆலை இருந்தது.
கடன் கொடுத்தவர்கள் சுங்கத்தைக் குறைக்கச் சொன்னதாக
வானொலியில் ஒருநாள் செய்தி.
அடுத்த அறுவடைக்குள் தகரங்கள் வந்துவிட்டன.
கொல்லன் தெருவில் ஊசி விற்க முடியாது என்பார்கள்.
விற்றார்கள். மலிவாக இருந்தது.
கொல்லன் வீட்டிலும் வாங்கினோம்.
செடியிலேயே அழுகின என்னுடைய நாலு ஏக்கர்.
பிறகு பாலைவனம், பிறகு படகு,
பிறகு அந்தத் தகரத்துக்குள் போகிற தக்காளியை
நானே பறிக்கிறேன்.
இதை ஒருவனுக்குச் சொன்னால் வேடிக்கை என்பான்.
நான் யாருக்கும் சொல்வதில்லை.

மதியம் கழுத்துத்துணிக்காரன் ஒருவன்
என் முகத்துக்கு நேராக வந்து
உன் ஊருக்குப் போ என்றான்.
அது புரிந்தது; அடிக்கடி கேட்டது.
என் கையில் அவனுடைய கோஷம்,
அவன் வாயில் என் பயணச்சீட்டு.
சவினோ குறுக்கே வந்தான்:
இவன் என் ஆள்.
அந்தச் சொல்லில் ஒரு தோள் இருந்தது.
ஒரு கயிறும் இருந்தது.

மூன்று நாள் எந்தக் கப்பலும் நகரவில்லை.
மூன்றாம் வாரம் தங்கை அயின்போக்கா
போல்கட்டாங்கா சந்தையிலிருந்து படம் அனுப்பினாள்.
தகரம் அதேதான், விலை மட்டும் புதிது.
'அகோல்கோ, அங்கே ஏதாவது மறியலா?
குழம்பில் பாதிதான் போடுகிறேன்.'
ஆமாம் என்று எழுதினேன்.
அதில் எனக்குக் கிடைத்த கூலியில்தான்
அவளுக்கு இருபத்தைந்து போயிருந்தது
என்று எழுதவில்லை.

பலகையைச் சவினோ திருப்பிக் கேட்கவில்லை.
குடிசையின் மேற்குச் சுவரில் அறைந்தேன்,
மழை அந்தப் பக்கம்தான் அடிக்கும்.
எழுத்து உள்பக்கம்.
யெரோ படுத்துக்கொண்டே எழுத்துக் கூட்டினான்,
மாலைப் பள்ளிக்குப் போகிறவன்.
'முதலில்...' என்றான், பிறகு நிறுத்தினான்.
'அடுத்த சொல் நம்முடையதா, எங்களுடையதா?
புலானியில் அதற்கு இரண்டு சொல்.
இவர்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.'

பலகையைத் தடவிப் பார்த்தேன்.
ஒழுகவில்லை, தூங்கு என்றேன்.
நாலு மணிக்கு வேன்.